மச்சான், என் வீட்டுக்கு அடியில் ஈரமே இல்லை

வட கரோலினா
நவம்பர், சனிக்கிழமை காலை

மதிப்புக்குரிய மைத்துனர் ராய்ஸ் அவர்களுக்கு,

எல்டன் எழுதுவது. நீங்களும் டார்லாவும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்பது முறை. நான் கேட்கத் தேவையில்லை. உங்கள் வீடு காய்ந்த வீடு. அதில் இருப்பவர்கள் சுகமாகத்தான் இருப்பார்கள். அந்தச் சுகத்தில் ஒரு பங்கை அக்டோபரிலிருந்து என் மனைவியும் அனுபவித்து வருகிறாள். அவள் உங்களுக்குத் தங்கை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய குளிர்கால உடைகளெல்லாம் இங்கேதான் இருக்கின்றன என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

எழுத வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு அடியில் இருந்த ஈரம் போய்விட்டது. ஆகவே நெல்டாவைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதக் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்து என் வீட்டில், உங்கள் அம்மா நெல்டாவுக்கு விட்டுப்போன ஓக் மேஜையில் நடக்கும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நெல்டா தன் கைபேசியில் என் பெயரைப் பார்த்தால் எடுப்பதில்லை. உங்கள் வீட்டுப் போனை நீங்கள்தான் எடுக்கிறீர்கள். எடுத்தவுடன் "தொவாரத்த மூடினியா மாப்ளே?" என்கிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

முதலில் வந்தது நாற்றம்தான். வசந்தம் முடிந்து வெயில் ஏறிய நாட்களில் வீட்டுக்குள் ஒரு வாசனை வந்தது, மழையில் நனைந்த செருப்பை அலமாரியில் வைத்து மறந்ததுபோல. நான் படித்தவன்; காரணம் கண்டுபிடிப்பது என் தொழில். நாய் ஹெக்டர்தான் என்று முடிவு செய்து அதைக் குளிப்பாட்டினேன். வாசனை போகவில்லை. மறுபடியும் குளிப்பாட்டினேன். அதற்குப் பிறகு ஹெக்டர் என்னைக் கண்டால் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றது, வாசனை அப்படியே இருந்தது. அடுத்து குளிர்பெட்டியைச் சந்தேகப்பட்டேன், பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் உரக்குழியை, பிறகு டார்லா எங்களுக்குக் கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ் பதார்த்தத்தை. அதற்குள் நெல்டாவின் ஞாயிற்றுக்கிழமை செருப்பில் வெள்ளையாய்ப் பூசணம் பிடித்திருந்தது. தேவாலயத்தில் எங்கள் பெஞ்சில் உட்காருபவர்கள் ஒவ்வொருவராகப் பின்வரிசைக்குப் போனார்கள். காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது. கல்லூரி ஆசிரியன் என்பதால் தருகிற மரியாதை என்று நான் நினைத்தேன்.

"மரியாதையும் இல்ல, மண்ணும் இல்ல எல்டன்," என்றாள் நெல்டா, காரில் ஏறியதும். "நம்ம மேல தவள நாத்தம் அடிக்குது."

இந்த நிலையில்தான் ஜூலை நாலாம் தேதி உங்கள் வீட்டு விருந்து வந்தது. அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. என் கல்யாணத்தில் நீங்கள் பேசிய பேச்சையே நான் இன்னும் மறக்கவில்லை. பன்றிக்கறி சுட்டுக்கொண்டிருந்தீர்கள். கையில் பெரிய இடுக்கி. சுற்றிலும் உங்கள் இன்சூரன்ஸ் அலுவலகக் கூட்டம். நெல்டா பாவம், நாற்றத்தைப் பற்றி டார்லாவிடம் மெதுவாகத்தான் சொன்னாள். உங்களுக்குக் காது நீளம்.

"என்ன மாப்ளே, வீட்டுக்குள்ள தவள வளக்குறியாமே?" என்றீர்கள், வாசலில் போகிறவனுக்கும் கேட்கும்படி. "ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. கீழ அஸ்திவாரச் சொவத்துல காத்துத் தொவாரம் இருக்குல்ல, அதயெல்லாம் மூடு. மண்ணு மேல கனமா பிளாஸ்டிக் விரி. அவ்ளோதான்."

"எங்கப்பா வருஷா வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் அதத் தெறப்பாரு, நன்றி நாளன்னிக்கு மூடுவாரு," என்றேன். "வீட்டுக்கு அடியில காத்து ஓடணும் ராய்ஸ். வீடு மூச்சு விடணும். அப்படித்தான் அந்த வீடு நின்னுச்சு."

"ஒங்கப்பா காலத்துல அந்த வீட்டுல ஏசி இருந்துச்சா மாப்ளே?"

இன்சூரன்ஸ்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிடைத்தது, ஆனால் அதை நெல்டாவிடம்தான் சொல்ல முடிந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

நீங்கள் சொன்னதாலேயே அதைச் செய்யக்கூடாது என்று நான் முடிவெடுத்ததாக உங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறதாம். அது உண்மைதான். ஆனால் அதற்குமேலும் செய்தேன். மறுநாளே எல்லாத் துவாரங்களையும் சுத்தமாகத் துடைத்து முழுக்கத் திறந்துவைத்தேன். துரு ஏறிய கம்பிகளுக்கு எண்ணெய் போட்டேன். காற்று போதாது என்று தோன்றியதால் ஒரு பெரிய மின்விசிறியை வாங்கித் துவாரத்தில் பொருத்தி, வெளிக்காற்றை இரவும் பகலும் உள்ளே ஊதவிட்டேன். ஆகஸ்ட் மாதம், நம் ஊர்க் காற்று. அந்த மாதத்தில் நம் ஊரில் உப்பு ஜாடியிலிருந்து கரண்டியால் வெட்டித்தான் உப்பை எடுக்க வேண்டும். அந்தக் காற்றைக் காசு கொடுத்து, மின்சாரம் கொடுத்து, என் வீட்டுக்கு அடியில் பாய்ச்சினேன்.

நாற்றம் வளர்ந்தது. சாப்பாட்டு அறைத் தரை கொஞ்சம் துள்ள ஆரம்பித்தது. நடந்தால் அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. நான் நெல்டாவுக்கு விளக்கம் சொன்னேன். பழைய மரம் பருவத்துக்குப் பருவம் விரியும், சுருங்கும் என்றேன். கோப்பைகள் கிணுகிணுப்பது அதிர்வெண் ஒத்துப்போவதால் என்றேன். கரும்பலகை இல்லாததால் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது நினைத்துப்பார்த்தால், கேட்டுக்கொண்டே எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று யோசித்திருக்கிறாள்.

அக்டோபரில் பாஸ்டர் ஹார்மனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். பாஸ்டர் நல்ல மனிதர், கனமான மனிதர். நெல்டா கோழி பொரித்திருந்தாள், வெண்ணெய் போட்ட அவரைக்கொட்டை, வாழைப்பழ புட்டிங். பாஸ்டரை மேஜையின் தலைமாட்டில் உட்கார வைத்தோம். சாப்பாட்டு ஜெபம் தொடங்கியது. அவர் ஜெபம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். நெல்டா கண்ணை மூடியிருந்தாள், பாஸ்டர் மூடியிருந்தார். நான் பாதிதான் மூடுவேன். அது என் வழக்கம். அறுவடைக்கு நன்றி சொல்லும்போது நாற்காலியின் பின்கால்கள் தரையில் இலேசாகப் பதிந்தன. சபையில் நோயாய்க் கிடப்பவர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவரும் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கினார். ஜெபத்தைக் குறுக்கே நிறுத்துவது பாவம். நிறுத்தாவிட்டால் பாஸ்டர் அஸ்திவாரத்துக்குப் போய்விடுவார். இதில் எது பெரிய தப்பு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அரசாங்கத்தை ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். ஆமென் சொல்லும்போது அவர் தாடை தட்டு மட்டத்துக்கு வந்திருந்தது.

கண்ணைத் திறந்து, எதிரே இருந்த கோழிக்காலை நேருக்கு நேர் பார்த்தார்.

"பிரதர் எல்டன்," என்றார், ரொம்பத் தன்மையாக. "நான் குள்ளமாயிட்டேனா, இல்ல ஒங்க மேஜ வளந்துடுச்சா?"

நெல்டாவின் சிரிப்பு உங்களுக்குத் தெரியும். கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுத்தான் சிரிப்பாள். எங்கள் வீட்டில் ஒரு ஜோடித் தட்டாவது முழுசாக இல்லாததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். அன்றைக்கு அவள் புட்டிங் பாத்திரத்தைக் கையில் ஏந்தி நின்றாள். நான் பாத்திரம் விழும் என்று காத்திருந்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பத்திரமாக மேஜைமேல் வைத்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் சிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாஸ்டரைத் தூக்கி நிறுத்தி, காரில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். நெல்டா பெட்டியோடு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். அதிர்வெண் பற்றி ஏதோ சொல்லப்போனேன் என்று நினைக்கிறேன்.

"நாத்தத்தக் கூடப் பொறுத்துக்குவேன் எல்டன்," என்றாள். "நீ குடுக்குற வெளக்கத்தத்தான் என்னால பொறுக்க முடியல. எங்கம்மா மேஜ மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடி சொல்லி அனுப்பு. வந்து ஒரு தடவ கடைசியாப் பாத்துக்கிறேன்."

அவள் போன பிறகுதான் நான் முதல்முறையாக, வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கிற அடிப்பொந்துக்குள் போனேன். ஆம் ராய்ஸ், முதல்முறை. கோடை முழுக்க அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், படம் போட்டிருக்கிறேன், ஆனால் போனதில்லை. உங்களுக்கு அது பெரிய சமாச்சாரமாக இருக்காது. என் உடம்புக்கு, என் வயதுக்கு, அந்தச் சின்னக் கதவு வழியாக வயிற்றால் ஊர்ந்து போவது ஒரு பயணம். கொஞ்ச தூரம் போனதும் ஏசி குழாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஹெக்டர் உள்ளே வந்து என் கால்மேல் உட்கார்ந்துகொண்டது. எனக்கு மேலே, தரைக்கு அடியில் அடைத்திருந்த பஞ்சு நனைந்து கிழிந்து, சாயம்போன தாடி மாதிரி தொங்கியது. தரையைத் தாங்குகிற மரச்சட்டங்களில் கறுப்பாய்ப் பூஞ்சை. நகத்தால் கீறினால் கேக் மாதிரி உதிர்ந்தது. அந்தக் குளிர்ந்த குழாயின் வயிற்றில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, ஒவ்வொரு சொட்டாக என் இடது காதுக்குள் விழுந்தது.

நான் கல்லூரியில் என்ன பாடம் நடத்துகிறேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இயற்பியல். ஒவ்வொரு வருஷமும் முதல் வாரத்தில், ஐஸ் போட்ட தேநீர்க் கோப்பை ஒன்றை மேசைமேல் வைத்து, "கோப்பைக்கு வெளியே தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று பிள்ளைகளைக் கேட்பேன். யாராவது "கோப்பை ஒழுகுது சார்" என்பார்கள். நான் பரிதாபமாகச் சிரிப்பேன். வெளியே இருக்கிற வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் தண்ணீராகும் என்று விளக்குவேன். அந்தப் பாடத்தை நான் நன்றாக நடத்துவேன். என்னைத் தாண்டித் துறைத்தலைவர் ஆனவன்கூட அதை ஒப்புக்கொண்டிருக்கிறான். இப்போது நான் மாட்டிக்கொண்டு கிடந்து, என் வீடே ஒரு பெரிய ஐஸ் தேநீர்க் கோப்பையாக என் காதில் ஒழுகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆகஸ்ட் காற்றை விசிறி வைத்து உள்ளே கூப்பிட்டவன் யார் என்று யோசித்தேன். பதில் சொல்ல அங்கே என்னையும் ஹெக்டரையும் தவிர யாரும் இல்லை.

எப்படி வெளியே வந்தேன் என்பது முக்கியமில்லை. மூச்சை முழுக்க விட்டேன். சட்டை உள்ளேயே தங்கிவிட்டது. வெளியே பாஸ்டர் ஹார்மன் நின்றிருந்தார். தனியாக இருக்கிறேனே என்று பரிவோடு கோழிக்கறி செய்து கொண்டுவந்திருந்தார். சட்டையில்லாமல், தலை முழுக்கச் சிலந்திவலையோடு நான் வீட்டுக்கு அடியிலிருந்து வெளிவருவதைப் பார்த்தார். பாத்திரத்தைப் புல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலைகளை நீங்கள் நெல்டாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உளுத்த சட்டங்களுக்குப் பக்கத்தில் புதுச் சட்டங்களைச் சேர்த்துப் பொருத்த ஆட்கள் வந்தார்கள். இப்போது சாப்பாட்டு அறையில் நான் குதித்தே பார்த்துவிட்டேன். துணி உலர்த்துகிற இயந்திரத்தின் சூடான ஈரக்காற்று வெளியே போக வேண்டும் அல்லவா, அது இத்தனை நாளாக அடிப்பொந்துக்குள்தான் போயிருக்கிறது. அதற்குக் குழாய் மாட்டியவன் நான். தற்காலிகமாக மாட்டினேன். இப்போது அதைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டேன். கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் நேராக அஸ்திவாரத்தின் காலடியில், என் ஹைட்ரேஞ்சியாப் பாத்தியில் கொட்டிக்கொண்டிருந்தது. செடி செழிக்கட்டும் என்று அதை அங்கே திருப்பியதும் நான்தான். தோட்ட மன்றத்தில் அந்தப் பூக்களுக்கு எனக்கு முதல் பரிசு கிடைத்தபோது, என்ன உரம் என்று எல்லோரும் கேட்டார்கள். என் வீடுதான் உரம் என்று அப்போது எனக்கே தெரியாது. அந்தக் கூரைக் குழாயை இப்போது தெருவோரச் சாக்கடை வரைக்கும் நீட்டிவிட்டேன்.

காற்றுத் துவாரங்களை மூடிவிட்டேன். ஆம். என் கையாலேயே, எல்லாவற்றையும். கூடத்தில் இருக்கிற அப்பா படத்தைப் பார்க்காமல் போய் மூடினேன். இதில் உங்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சியைத் தயவுசெய்து உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும்.

மண்மேல் கனமான பிளாஸ்டிக் விரித்தேன். விரிப்பைச் சுவரிலும் ஏற்றி ஒட்ட வேண்டும் என்று நீங்கள் டார்லா மூலமாகச் சொல்லி அனுப்பியது கிடைத்தது. நான் ஏற்றவில்லை. சுவரோரம் வரைக்கும் விரித்தால் போதும் என்பது என் கணக்கு. ஒரு மனிதன் எல்லாவற்றிலும் மைத்துனர் சொல்கிறபடியே நடக்க முடியாது.

கடைசியாக, ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்றை உள்ளே வைத்தேன். ராய்ஸ், அப்படி ஓர் இயந்திரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காற்றிலிருக்கிற ஈரத்தைத் தண்ணீராக்கி ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. இப்படிப்பட்ட இயந்திரங்கள் முதல் சில நாள் நிறைய இழுக்கும், பிறகு ஈரம் குறையக் குறைய அவையும் குறைத்துக்கொள்ளும் என்று கடையில் சொன்னார்கள். என்னுடையது அப்படியில்லை. முதல் நாள் எப்படி இழுத்ததோ, இன்றைக்கும் அப்படியே இழுக்கிறது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. காலையில் காபியோடு போய் அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பெருமை அதுதான். தண்ணீரையும் வீணாக்கவில்லை. கூரைக் குழாயைத் திருப்பிவிட்டதால் ஹைட்ரேஞ்சியாக்கள் வாடிவிடக் கூடாதே என்று இந்தக் குழாயை அந்தப் பாத்தியில் விட்டிருக்கிறேன். தெருவில் எல்லார் வீட்டுச் செடியும் காய்ந்து பழுப்பாகிவிட்டது. என்னுடையது நவம்பரில் புதுத்தளிர் விடுகிறது. வந்து பாருங்கள்.

ஆக, வேலை முடிந்துவிட்டது. நாற்றம் ஏறக்குறைய இல்லை. லேசாக இருப்பது ஹெக்டர். இதையெல்லாம் யாருடைய யோசனையும் உதவியும் இல்லாமல் நானே செய்தேன் என்பதை நெல்டாவிடம் குறிப்பாகச் சொல்லவும். நன்றி நாளன்று நீங்களும் டார்லாவும் விருந்தாளிகளாக வரலாம். வரும்போது எந்தக் கருவியும், எந்த ஆலோசனையும் கொண்டுவர வேண்டாம். உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தால் போதும்.

உங்கள் கூரை ஒழுகாமலும், உங்கள் கிணறு வற்றாமலும், உங்கள் வாய் கொஞ்சம் ஓய்ந்தும் இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும். டார்லாவுக்கு என் வணக்கம். நெல்டாவுக்கு, அவளுடைய நீலக் கம்பளிச் சட்டையைப் பூசணம் பிடிக்காமல் வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உலர்ந்த வீட்டின் உரிமையாளன்,
எல்டன் வின்ஸ்டெட்

பின்குறிப்பு: ராய்ஸ், மேலே இருக்கிறதை நீ படிக்காதே. இதை மட்டும் படி.

கடிதத்தைத் தபால்பெட்டியில் போடத்தான் வெளியே போனேன். ஹெக்டர் ஹைட்ரேஞ்சியாப் பாத்தியில் நின்று குழாய்த் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. வேறு வேலையில்லாமல் நானும் கொஞ்சநேரம் பார்த்தேன். குழாயிலிருந்து தண்ணீர் பாத்திக்குப் போகிறது. பாத்தியை நான் வருஷா வருஷம் மண் போட்டு உயர்த்தியிருக்கிறேன், மண் வீட்டுப் பக்கம் சரிகிறது. பாத்தியிலிருந்து தண்ணீர் சுவருக்குப் போகிறது. சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று யோசித்ததும் கையிலிருந்த காபியைப் புல்லில் கொட்டிவிட்டு வயிற்றால் உள்ளே போனேன். நான் சுவரில் ஏற்றி ஒட்டாத விரிப்பின் மேலே ஒரு குளம் இருக்கிறது. குளத்தில் தவளை இருக்கிறது. கரையில் என் இயந்திரம் உட்கார்ந்து, அந்தக் குளத்தின் ஈரத்தை உறிஞ்சி, குழாயில் ஏற்றி, பாத்திக்கு அனுப்புகிறது. பாத்தி அதை எனக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரே தண்ணீர், ராய்ஸ். கிட்டத்தட்ட அதே ஒரு வாளித் தண்ணீர். அக்டோபரிலிருந்து அது என் வீட்டைச் சுற்றி வலம் வருகிறது. நான் தினமும் காபியோடு நின்று அதற்கு வரவேற்பு கொடுத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்குப் போன் போட்டேன். நீ மீன் பிடிக்கப் போயிருந்தாய், நெல்டா எடுத்துவிட்டாள். விளக்கம் ஒன்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நெல்டா," என்றேன். "ராய்ஸ் சொன்னதுதான் சரி. நான் தண்ணிய வெளிய எடுத்து, அந்தத் தண்ணியவே உள்ள விட்டுக்கிட்டிருக்கேன்."

"என்ன?"

"மிஷினு வெளிய அனுப்புது. பூச்செடி உள்ள அனுப்புது. மறுபடி மிஷினு வெளிய அனுப்புது."

ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. அப்புறம் போனும் விழுந்தது. தரையில் கிடந்த போனிலிருந்து அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் சேறாக, நான் நின்றேன். போனை எடுத்தாள், பேச முடியாமல் மறுபடி சிரித்தாள்.

"எதையும் தொடாத எல்டன். கொழாய நிறுத்திராத. நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் அண்ணனோட வரேன், என் கண்ணால நான் பாக்கணும். அந்தத் தவள இருக்கணும்."

அதனால் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக்கு நீ காரிலிருந்து இறங்கியதும் கையில் கொடுப்பேன், ஏனென்றால் இதையெல்லாம் வாயால் சொல்ல என்னால் முடியாது. மண்வெட்டியும் ஒட்டுநாடாவும் கொண்டுவரச் சொல்லி நெல்டா உன்னிடம் சொல்லியிருப்பாள். "நான் அப்பவே சொன்னேன்ல மாப்ளே" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்ளலாம். முற்றத்தில் நின்று சொல், உள்ளே வந்து சொல்லாதே. நன்றி நாளைக்கு வான்கோழி உங்கள் வீட்டு அடுப்பில் வேகட்டும். மேஜை இங்கேதான் இருக்கும். பாஸ்டரைச் சுவரோரம் உட்கார வைப்போம்.

டார்லாவிடம் சொல்: உடைந்தது எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியவில்லை, நல்ல தட்டாகத்தான் இருக்கும். எதுவானாலும் வாங்கித் தந்துவிடுகிறேன். அப்படி ஒரு சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.